தண்ணீருக்கு ஒன்று: பி.டி.யு. கணக்கு பிறந்த கதை



கோடை வந்துவிட்டால் நம் வாட்ஸ்அப் குழுவில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. "கடையில் ஒன்றரை டன் ஏசி என்றார்கள். கையேட்டில் 18,000 பி.டி.யு. என்று இருக்கிறது. ஸ்டார் லேபிளிலோ வாட் கணக்கு. எதை நம்புவது?" மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று யாராவது பதில் போடுவார்கள். பேச்சு அத்தோடு முடிந்துவிடும். மூன்றும் எப்படி ஒன்றாகின்றன, ஒன்றை மற்றொன்றாக மாற்றும்போது எங்கே கால் வழுக்கும் என்பதை இந்த இதழில் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நம் நாட்டில் 1957 ஏப்ரல் 1 அன்று புதுப் பைசா வந்தது. 1958 அக்டோபரிலிருந்து கிலோவும் மீட்டரும் படிப்படியாகப் புழக்கத்துக்கு வந்தன. பவுண்டும் அவுன்ஸும் விடைபெற்றன. ஃபாரன்ஹீட் டிகிரி, காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரில் மட்டும் தங்கிவிட்டது. ஆனால் பவுண்டையும் ஃபாரன்ஹீட்டையும் சேர்த்துச் செய்த பிரிட்டிஷ் தெர்மல் யூனிட், அதாவது பி.டி.யு., இன்னும் போகவில்லை. இயற்கை எரிவாயுவின் விலையை நம் அரசு இன்றும் பத்து லட்சம் பி.டி.யு.வுக்கு இத்தனை டாலர் என்றுதான் அறிவிக்கிறது. ஆகவே இது பழங்கதை மட்டுமல்ல, நம் பணம் சம்பந்தப்பட்ட விஷயமும்கூட.

நான் வணிகவியல் படித்து வங்கியில் காலம் தள்ளியவன். இயற்பியல் பள்ளியோடு சரி. ஆனாலும் இந்தக் கதை எனக்குப் பிடிபட்டதற்குக் காரணம், இது அடிப்படையில் பற்று-வரவுக் கணக்கு என்பதுதான்.

பாதரசம் போட்ட புதிர்

ஒரு பவுண்டு தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் உயர்த்தத் தேவையான வெப்பம்தான் ஒரு பி.டி.யு. கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் "சூடு எத்தனை டிகிரி" என்பதும் "வெப்பம் எவ்வளவு" என்பதும் வேறு வேறு என்று மனிதர்களுக்குப் புரியவே பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆயிற்று.

ஃபாரன்ஹீட் தன் வெப்பமானி அளவை 1724இல் வெளியிட்டார். ஹாலந்தின் லைடன் நகரில் பேராசிரியராக இருந்த போயர்ஹாவ் கேட்டுக்கொண்டதன் பேரில், அவர் வெவ்வேறு சூட்டில் இருந்த தண்ணீரையும் பாதரசத்தையும் கலந்து பார்த்தார். பாதரசம் தண்ணீரைப் போல 13 மடங்குக்கும் மேல் எடை கொண்டது. எடை கூடியது அதிக வெப்பத்தைப் பிடித்து வைத்திருக்கும் என்று பலர் நினைத்தார்கள். இடத்தைப் பொறுத்துத்தான் வெப்பம் பங்காகும் என்று வேறு சிலர் நினைத்தார்கள். கலந்து பார்த்த முடிவு இரண்டுக்கும் ஒத்துவரவில்லை.

இந்தப் புதிரை அவிழ்த்தவர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய ஜோசப் பிளாக் (1728-1799). 1760 வாக்கில் அவர் சிந்தித்த வழி இது. 100 டிகிரித் தண்ணீரும் 150 டிகிரிப் பாதரசமும் சம கொள்ளளவில் எடுத்துக்கொள்வோம். கலந்தால் நடுவில் 125 வரவேண்டும் அல்லவா? வரவில்லை, 120தான் வந்தது. பாதரசம் 30 டிகிரி இழந்தது. தண்ணீர் 20 டிகிரிதான் பெற்றது.

பேரேடு எழுதிய எவருக்கும் அடுத்த வரி தெரியும். ஒருவர் கணக்கில் பற்று வைத்த தொகை மற்றவர் கணக்கில் வரவாக வந்தே தீரவேண்டும். 30 போய் 20தான் வந்தது என்றால் நடுவில் காணாமல் போகவில்லை. இரண்டு கணக்கும் ஒரே நாணயத்தில் இல்லை என்று பொருள். பாதரசத்தின் 30 டிகிரி, தண்ணீரின் 20 டிகிரிக்குச் சமம். இன்றைய துல்லியமான எண்களை வைத்துப் போட்டால் அந்தக் கலவை 115 அல்லது 116 டிகிரியில் நிற்கும். எண்ணில் கொஞ்சம் பிசகு இருந்தாலும் பிளாக் எடுத்த முடிவு சரி. ஒவ்வொரு பொருளுக்கும் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் திறன் வேறு. அதைத்தான் இன்று பள்ளிப் புத்தகங்கள் தன் வெப்ப ஏற்புத்திறன் என்கின்றன. சுருக்கமாகத் தன்வெப்பம் என்று வைத்துக்கொள்வோம்.

பிளாக் இதையெல்லாம் வகுப்பில் சொன்னாரே தவிர, தாமே நூலாக வெளியிடவில்லை. அவர் இறந்த பிறகு, 1803இல்தான் அவருடைய பாடங்கள் நூலாக வந்தன. அதற்குள் சுவீடனில் வில்க்கே என்பவர் 1781இல் தாமாகவே இதே கருத்தை வெளியிட்டிருந்தார்.

வட்டி விகிதம் போல ஓர் எண்

அந்தக் காலத்தவர்கள் தன்வெப்பத்தை அளந்த விதம் எளிமையானது. தண்ணீரை 1 என்று வைத்துக்கொண்டார்கள். மற்றப் பொருளுக்கெல்லாம் தண்ணீரோடு ஒப்பிட்டு எண் கொடுத்தார்கள். பனிக்கட்டிக்கு ஏறக்குறைய 0.5, அலுமினியத்துக்கு 0.21, இரும்புக்கு 0.11, செம்புக்கு 0.09, பாதரசத்துக்கு 0.033. ஒரு கிலோ தண்ணீரைச் சூடாக்கும் வெப்பத்தில் ஒன்பது கிலோ இரும்பை அதே அளவு சூடாக்கிவிடலாம் என்று இதற்கு அர்த்தம். இரும்புத் தோசைக்கல் சட்டென்று காய்வதற்கும், ஒரு குண்டான் தண்ணீர் கொதிக்க நேரம் எடுப்பதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

இப்போது மாற்றுக் கணக்குக்கு வருவோம். பிரிட்டனில் பவுண்டும் ஃபாரன்ஹீட்டும் வைத்து பி.டி.யு. உருவானது. அங்கேயே சில பொறியாளர்கள் பவுண்டை வைத்துக்கொண்டு டிகிரியை மட்டும் செல்சியஸாக மாற்றி, சென்டிகிரேட் ஹீட் யூனிட், அதாவது சி.எச்.யு. என்று ஓர் அலகு வைத்துக்கொண்டார்கள். நம்மில் பழைய பொறியியல் மாணவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கு நினைவிருக்கும். பிரான்சில் கிலோவும் செல்சியஸும் வைத்து கிலோகலோரி வந்தது.

ஒரு செல்சியஸ் டிகிரி என்பது 1.8 ஃபாரன்ஹீட் டிகிரி. ஆகவே ஒரு சி.எச்.யு. 1.8 பி.டி.யு. ஆகும். ஒரு கிலோ 2.2046 பவுண்டு என்பதால் ஒரு கிலோகலோரி 3.968 பி.டி.யு. இதுவரை யாருக்கும் குழப்பம் இல்லை.

தன்வெப்பத்தை மாற்றும்போது என்ன ஆகும்? இரும்பின் தன்வெப்பம் ஒரு பவுண்டுக்கு, ஒரு ஃபாரன்ஹீட் டிகிரிக்கு 0.11 பி.டி.யு. அதுவே ஒரு பவுண்டுக்கு, ஒரு செல்சியஸ் டிகிரிக்கு எத்தனை சி.எச்.யு.? அதே 0.11. ஒரு கிலோவுக்கு, ஒரு செல்சியஸ் டிகிரிக்கு எத்தனை கிலோகலோரி? அதுவும் 0.11தான்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. ஆண்டுக்கு 8 சதவீத வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு எட்டு ரூபாய். நூறு டாலருக்கு எட்டு டாலர். டாலர் விலை என்னவாக இருந்தாலும் 8 என்ற எண் மாறாது. காரணம், மேலேயும் கீழேயும் ஒரே நாணயம். இங்கேயும் அப்படித்தான். பி.டி.யு.வுக்குள்ளேயே ஒரு பவுண்டும் ஒரு ஃபாரன்ஹீட் டிகிரியும் ஒளிந்திருக்கின்றன. கீழே வகுக்கும் பவுண்டும் டிகிரியும் மேலே இருப்பதோடு அடிபட்டுப் போகின்றன. மிஞ்சுவது தண்ணீரோடு ஒப்பிட்ட வெறும் எண். எந்த நாட்டு அலகில் சொன்னாலும் தண்ணீருக்கு 1.

கீழே பவுண்டுக்குப் பதில் காலன் வந்தால் மட்டும் கவனம் வேண்டும். பிரிட்டிஷ் இம்பீரியல் காலன், 10 பவுண்டுத் தண்ணீர் பிடிக்கும் அளவாக 1824ஆம் ஆண்டுச் சட்டத்தில் வகுக்கப்பட்டது. ஆகவே ஒரு காலன் தண்ணீரை ஒரு ஃபாரன்ஹீட் டிகிரி உயர்த்த 10 பி.டி.யு. அமெரிக்கக் காலன் சிறியது. அதற்கு 8.3 பி.டி.யு. போதும்.

கல்லறையில் ஒரு மாற்று விகிதம்

வெப்பத்தை வெப்பத்தாலேயே அளந்த வரை இப்படி எளிதாக இருந்தது. நீராவி எஞ்சின்கள் வந்த பிறகு வேறொரு கேள்வி எழுந்தது. நிலக்கரி தரும் வெப்பத்துக்கும் எஞ்சின் செய்யும் வேலைக்கும் என்ன மாற்று விகிதம்? வேலையின் அலகு அடி-பவுண்டு. ஒரு பவுண்டு எடையை ஓர் அடி உயரம் தூக்கினால் அது ஓர் அடி-பவுண்டு.

விடை தேடியவர் ஜேம்ஸ் ஜூல். 1818இல் மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் பிறந்தவர். குடும்பத் தொழில் பீர் காய்ச்சுவது. பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லை. சொந்தப் பணத்தில் சோதனை செய்தார். 1843இல் அவர் முதலில் சொன்ன விகிதம், ஒரு பி.டி.யு.வுக்கு 838 அடி-பவுண்டு. கேட்டவர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1847இல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த அறிவியல் கூட்டத்தில் சுருக்கமாகப் பேசினால் போதும் என்றார்கள். அங்கே உட்கார்ந்திருந்த 23 வயது வில்லியம் தாம்சன் அக்கறை காட்டியதால்தான் பலருடைய பார்வை ஜூலின் பக்கம் திரும்பியது. அந்த இளைஞர்தான் பின்னாளில் கெல்வின் பிரபு ஆனவர்.

ஜூலின் கருவி ஒன்றும் பிரமாதமானது அல்ல. ஒரு செம்புப் பாத்திரத்தில் தண்ணீர், அதற்குள் மத்து போலச் சுழலும் துடுப்புகள், வெளியே கயிற்றில் தொங்கும் எடைகள். எடை கீழே இறங்கினால் துடுப்பு சுழலும். தண்ணீர் கொஞ்சம் சூடாகும். எடைகளை 20 முறை ஏற்றி இறக்கியும் சூடு ஏறியது அரை டிகிரி ஃபாரன்ஹீட் அளவுதான். அந்த அரை டிகிரியை நம்பகமாக அளப்பதில்தான் அவருடைய திறமை முழுவதும் இருந்தது. 1850இல் அவர் வெளியிட்ட முடிவு: ஒரு பி.டி.யு.வுக்கு 772 அடி-பவுண்டு. நயாகராவில் 160 அடி உயரத்திலிருந்து விழும் தண்ணீர், விழுந்த வேகத்திலேயே ஐந்தில் ஒரு டிகிரி சூடாகும் என்றும் அவர் கணக்குப் போட்டார்.

இங்கேதான் 1.8 உள்ளே நுழைகிறது. தண்ணீரின் தன்வெப்பத்தை அடி-பவுண்டில் சொன்னால், ஃபாரன்ஹீட் டிகிரிக்கு 772; செல்சியஸ் டிகிரிக்கு 1,390. அடி-பவுண்டுக்குள் டிகிரி ஒளிந்திருக்கவில்லை. மேலே அடிபட ஒன்றும் இல்லாததால் கீழே உள்ள டிகிரியை மாற்றினால் எண்ணும் மாறும். இன்றைய அளவுகளில் இவை 778, 1,400.

1878இல் ஜூல் கடைசியாகத் திருத்திச் சொன்ன எண் 772.55. 1889இல் அவர் இறந்தபோது, சேல் என்ற ஊரில் உள்ள அவர் கல்லறையில் அந்த எண்ணையே பொறித்து வைத்தார்கள்.

எந்த பி.டி.யு.?

எண் கல்லில் ஏறிவிட்டாலும் கணக்கு முடியவில்லை. அமெரிக்காவின் பால்டிமோரில் ஹென்றி ரோலண்ட் என்பவர் அதே சோதனையை இன்னும் நுணுக்கமாகச் செய்து 1880இல் வெளியிட்டார். விகிதம் 778ஐ ஒட்டியது என்று தெரிந்தது. கூடவே ஒரு தொல்லையும் தெரிந்தது. தண்ணீரின் தன்வெப்பம் எல்லாச் சூட்டிலும் ஒன்றாக இல்லை. சிறிதளவு ஏறி இறங்குகிறது. அப்படியானால் எந்தச் சூட்டில் உள்ள தண்ணீரை வைத்து பி.டி.யு.வை வரையறுப்பது?

ஆளுக்கு ஒன்று வைத்துக்கொண்டார்கள். 39 டிகிரி ஃபாரன்ஹீட் தண்ணீரை வைத்த பி.டி.யு. சுமார் 1,059.7 ஜூல். 59 டிகிரியில் வைத்தது 1,054.8 ஜூல். உறைநிலைக்கும் கொதிநிலைக்கும் சராசரி எடுத்தது 1,055.9 ஜூல். வீட்டுக் கணக்குக்கு இந்த வித்தியாசம் பொருட்டில்லை. மின்நிலையம் ஒன்றுக்கு நீராவி எஞ்சின் வாங்கி, அதன் திறனுக்கு உத்தரவாதம் எழுதி வாங்குகிறவர்களுக்கு அரை சதவீதம்கூடப் பெரிய தொகை.

1956இல் லண்டனில் நடந்த நீராவிப் பண்புகள் பற்றிய பன்னாட்டு மாநாடு இதற்கு ஒரு தீர்வு சொன்னது. தண்ணீரை விட்டுவிட்டு, ஒரு கிலோகலோரி சரியாக 4.1868 கிலோஜூல் என்று வைத்துக்கொண்டார்கள். இந்த எண்ணை 1.8ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் 2.326 வரும். இரண்டுக்கும் வேலை வேறு. ஒரு பவுண்டுக்கு ஒரு பி.டி.யு. என்பது ஒரு கிலோவுக்கு 2.326 கிலோஜூல். ஒரு பவுண்டுக்கு, ஒரு ஃபாரன்ஹீட் டிகிரிக்கு ஒரு பி.டி.யு. என்பது ஒரு கிலோவுக்கு, ஒரு செல்சியஸ் டிகிரிக்கு 4.1868 கிலோஜூல். இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள். சற்று நேரத்தில் தேவைப்படும்.

ஒரு டன் பனிக்கட்டி

ஏசியின் டன் கணக்கும் பிளாக்கிடமிருந்துதான் தொடங்குகிறது. பனிக்கட்டி உருகும்போது சூடு ஏறாமலேயே நிறைய வெப்பத்தை விழுங்குகிறது என்று கண்டவரும் அவரே. அதுதான் உள்ளுறை வெப்பம். உருகும் பனிக்கட்டி விழுங்கும் வெப்பம், அதே எடைத் தண்ணீரை 140 டிகிரி ஃபாரன்ஹீட் அளவுக்குச் சூடாக்கப் போதும் என்று அவர் அளந்தார். இன்று நாம் எடுத்துக்கொள்ளும் எண் 144.

இயந்திரங்கள் வருவதற்கு முன்பு குளிர்ச்சி என்றால் ஏரியில் வெட்டிய பனிக்கட்டிதான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் சென்னைக் கடற்கரையில் கட்டியதுதான் ஐஸ் ஹவுஸ்; இன்றைய விவேகானந்தர் இல்லம். குளிரூட்டும் இயந்திரம் வந்தபோது, அது நாளொன்றுக்கு எத்தனை டன் பனிக்கட்டிக்குச் சமம் என்பதே வாங்குகிறவர்களுக்குப் புரிந்த கணக்காக இருந்தது. அமெரிக்க டன் 2,000 பவுண்டு. 144ஆல் பெருக்கினால் 2,88,000 பி.டி.யு. 24 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 12,000 பி.டி.யு. ஒன்றரை டன்னுக்கு 18,000. வாட்டில் சொன்னால் 5,275. கோடைக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

பணம் கரையும் இடம்

இனி நம் வளாகத்துக் கதை. சென்ற ஆண்டு கிளப் ஹவுஸ் குளியலறைகளுக்கு ஹீட் பம்ப் போடலாம் என்று சங்கத்தில் மூன்று இடங்களில் விலைப்புள்ளி கேட்டோம். தேவை ஒன்றுதான்: 1,000 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 55 டிகிரி செல்சியஸுக்கு ஐந்து மணி நேரத்தில் சூடாக்க வேண்டும். இரண்டு பேர் ஏறக்குறைய ஒரே அளவு இயந்திரம் சொன்னார்கள். மூன்றாமவர் மணிக்கு 42,857 பி.டி.யு. வேண்டும் என்று, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பெரிய இயந்திரத்துக்கு விலை போட்டிருந்தார். கூடவே கணக்குத் தாளும் அழகாக அச்சடித்து வைத்திருந்தார்.

நீங்களே போட்டுப் பாருங்கள். 1,000 கிலோவை 30 டிகிரி உயர்த்த 30,000 கிலோகலோரி. ஐந்து மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 6,000 கிலோகலோரி. ஏறக்குறைய 7 கிலோவாட். பவுண்டில் போட்டால் 2,204.6 பவுண்டு, 54 ஃபாரன்ஹீட் டிகிரி. பெருக்கினால் 1,19,048 பி.டி.யு. ஐந்தால் வகுத்தால் மணிக்கு 23,810. அவர் தாளிலும் பவுண்டு சரி, டிகிரி சரி. தண்ணீரின் தன்வெப்பம் இருக்க வேண்டிய இடத்தில் 1க்குப் பதில் 1.8 இருந்தது.

வளாகத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற பொறியாளர் நண்பர் ஒருவர்தான் அது எங்கிருந்து வந்தது என்று காட்டினார். உள்ளுறை வெப்பத்தைக் கிலோகலோரியிலிருந்து பி.டி.யு.வுக்கு மாற்ற 1.8ஆல் பெருக்குவது சரியே. பனிக்கட்டிக்குக் கிலோவுக்கு 80 கிலோகலோரி, 1.8ஆல் பெருக்கினால் பவுண்டுக்கு 144 பி.டி.யு. கீழே டிகிரி இல்லாததால் 1.8 தங்கிவிடுகிறது. தன்வெப்பத்துக்குக் கீழே டிகிரி இருப்பதால் அது அடிபட்டுப் போகவேண்டும். அட்டவணைகளில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துப் பத்திகளில் இருக்கும். ஒன்றின் பெருக்கலை மற்றொன்றுக்குப் போட்டுவிட்டார்கள். வேண்டுமென்றே செய்தார்களா, கைப்பிசகா என்று நான் சொல்லமாட்டேன். கேட்டதும் திருத்திய விலைப்புள்ளி வந்தது. கேட்காமல் விட்டிருந்தால் வித்தியாசத் தொகை நம் எல்லோருடைய பராமரிப்புக் கட்டணத்திலிருந்துதான் போயிருக்கும்.

அடுத்த முறை இப்படி ஒரு தாள் உங்கள் கைக்கு வந்தால் மூன்றை மட்டும் பாருங்கள். பி.டி.யு., சி.எச்.யு., கிலோகலோரி எதுவாக இருந்தாலும் தண்ணீரின் தன்வெப்பம் 1தான். வேறு எண் இருந்தால் காரணம் கேளுங்கள். கிலோஜூலில் சொல்லியிருந்தால் 4.1868, சுருக்கமாக 4.19 இருக்கவேண்டும். காலன் என்று இருந்தால் பிரிட்டிஷ் காலனா, அமெரிக்கக் காலனா என்று கேளுங்கள்.

நம் லிப்ட், ஜெனரேட்டர், நீச்சல்குளம் தொடர்பான விலைப்புள்ளிகள் எல்லாம் சங்க அலுவலகத்தில் கோப்பில் இருக்கின்றன. பார்க்க விரும்புகிற எவரும் மேலாளரிடம் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். கையில் ஒரு கால்குலேட்டர் இருந்தால் போதும்.